பெடலிலிருந்து காலை எடு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பேரைப் பெற்று நான்கு பேரையும் ஒழுங்காக வளர்த்தேன். எங்கள் மர்பி டவுனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். அவசரமில்லாமல்தான் சொல்வேன்.

கடைசி மகனோடு இருக்கிறேன். அவன் ஒரு கம்பெனியில் கார் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரே மகள். படிப்பு முடித்ததும் வீடியோ கேம் செய்கிற ஆபீசில் சேர்ந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு அந்த ஆசைதான். என் மகனுக்கோ அது வேலையாகவே தெரியவில்லை. பாங்க் பரீட்சை எழுது, பாங்க் பரீட்சை எழுது என்று தினமும் பாட்டு.

ஒருநாள் நானும் பேத்தியும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான்.

"ஆபீஸ்ல இன்னாதான் பண்றே பாப்பா?"

"சுடுற கேம்பா. ஹீரோ சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சி ஒளிஞ்சி சுடணும். அந்த ஒளியறது மொதமொதல்ல எப்டி ஆரம்பிச்சதுன்னு பாத்துட்டு வரச் சொல்லிக்கீறாங்க."

"ஒளியறதுக்கு ஒரு ஆபீசு. அதுக்கு ஏசி வேற."

அவள் அவனை விட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். ஆதியில் ஒரு கேம் இருந்ததாம். மேலேயிருந்து வரிசை வரிசையாகப் பூச்சி மாதிரி எதுவோ சுட்டுக்கொண்டே இறங்கும். கீழே நாம். நடுவில் சின்னச் சின்னக் குடிசைகள். அதன் அடியில் போய் நின்றுகொள்ளலாம். ஆனால் குண்டு பட்டுப் பட்டுக் குடிசை உதிர்ந்துபோகும். நாம் சுட்டாலும் அதில்தான் ஓட்டை விழும்.

"வாடகை வீடு மாதிரி," என்றேன்.

அதற்கு ரொம்ப நாள் கழித்து ஒரு மிஷின் வந்ததாம். கையில் துப்பாக்கி, காலடியில் பெடல். மிதித்தால் எழுந்து சுடலாம். காலை எடுத்தால் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு பட்டனைத் தட்டினால் ஹீரோ தானே போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வதெல்லாம் அப்புறம் வந்ததுதானாம். நடுவில் இன்னும் நிறைய உண்டு என்றாள். எனக்கு இதுவே போதும் என்றேன்.

அவள் அப்பன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெடல் மிஷின் ஒண்ணு மால்ல இன்னும் கீதுப்பா. ஞாயித்துக்கிழம வந்து பாரு. பாத்துட்டும் இது வேலையே இல்லன்னு நீ சொன்னா, விட்டுட்டு பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

சிரிக்காமல் சொன்னாள். உரித்த அவரையைத் தோல் குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் வேண்டாம் என்று சொல்வதில் கெட்டிக்காரன்.

ஞாயிறு போனோம். மாலின் மேல்மாடி முழுக்கச் சத்தம். ஒரு மூலையில் அந்த மிஷின். பேத்தி துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள்.

"ஆயா, நீ ஆடு. ஒண்ணுமே தெரியாதவங்க ஆடினா எப்டின்னு நான் பாக்கணும்."

ஒன்றுமே தெரியாதவளா? குனிந்து பெடலைப் பார்த்தேன். கார்மெண்ட்ஸில் காலம் முழுக்கக் காலர் தைத்தவள் நான். கால் தானாகப் போய் மிதித்தது. உடனே செத்துப்போனேன்.

"காலை எடு ஆயா! எடுத்தாதான் ஒளிய முடியும்!"

"எடுத்தா மிஷின் நின்னுடும்டி!"

"நிக்கட்டும்!"

"நின்னா சூப்பர்வைசர் வந்து கத்துவான்!"

அவளுக்கு என்ன தெரியும்? என் மிஷின் நின்றால் அடுத்தவளுக்குக் காலர் போகாது. லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். தும்மினாலும் காலை எடுக்காத ஆள் நான். எல்லாப் பக்கமும் குண்டு பறக்க, பெடலை அழுத்தியபடி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். மறுபடியும் செத்தேன். வெட்கமெல்லாம் இல்லை. ஒளியாமல்தானே செத்தேன்!

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "குடு மா இங்க. மிதிச்சது மிதிச்சபடியேவா நிப்பே?"

துப்பாக்கியை வாங்கினான். வாங்கியதும் வலது காலின் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். மாலில் எவன் செருப்பைக் கழற்றுவான்? தரை ஐஸ் மாதிரி இருக்கிறது.

அப்புறம் அவன் காலைப் பார்க்க வேண்டுமே! மிதி, எடு, மிதி, எடு. எங்கள் லைனில் காஜா போட்டவளுக்குக்கூட அப்படி ஒரு கால் கிடையாது.

"இப்ப லெஃப்ட் ஜன்னல்ல ஒருத்தன் வருவான் பாரு," என்றான். வந்தான். "அந்தச் செவப்பு சட்டைக்காரனை மொதல்ல போட்டுடணும். அவன் குறி தப்பாது." போட்டான்.

பேத்தி திரையை விட்டு அப்பன் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, ஜன்னல்ல ஆள் வர்றது உனக்கு எப்டித் தெரியும்?"

அவன் கால் பெடலை விட்டது. "சும்மா, ஒரு குத்துமதிப்புதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டேய். பத்தாவது படிக்கறப்ப ஞாயித்துக்கிழம ஆனா கணக்கு டியூஷன்னு ஓடுவியே. அந்த வாத்தியார் வீட்ல பெடல் இருந்துச்சா?"

"மா, பாப்பா முன்னால..."

"வாத்தியாருக்குன்னு டப்பால பிரிஞ்சி சோறு கட்டிக் குடுத்தேனே, அத்த யாருடா துன்னது?"

"கேம் கடையில டோக்கன் குடுக்கறவரு," என்றான் மெதுவாக. "இந்த மாதிரி பிரிஞ்சி எங்கயும் துன்னதில்லன்னு சொல்வாரு மா."

அதற்கு மேல் நான் எப்படித் திட்டுவது? அந்த ஆளுக்கு ருசி தெரிந்திருக்கிறது.

"டைம் போவுதுப்பா," என்றாள் பேத்தி. அவன் மறுபடியும் மிதித்தான்.

முடித்தான், செருப்பை மாட்டினான். வேலை என்றும் சொல்லவில்லை, வேலை இல்லை என்றும் சொல்லவில்லை. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எஸ்கலேட்டரில் பாதி இறங்கியதும் மகன் திரும்பிப் பார்த்தான்.

"பாப்பா, உங்க கேம்ல சுவத்துல ஒட்டிக்கினா, ஒட்டினபடியே நகர முடியுமா?"

"முடியும்பா. மூலையில திரும்பறப்ப மாட்டிக்குது. அத்தத்தான் நான் சரி பண்ணினு கீறேன்."

"மூலைதான் முக்கியம். அவசரப்படாம பண்ணு."

அவள் என் கையை விட்டுவிட்டு அவன் நின்ற படிக்கே இறங்கிப் போனாள். பாங்க் பரீட்சைப் பேச்சு அன்றோடு சரி. இப்போது அவள் வீட்டுக்குள் நுழைவதற்குள், மூலை சரியாச்சா என்று கேட்கிறான்.

என் கால் ஏன் எழவில்லை என்று ஆபீசில் படித்துக் காட்ட வேண்டுமாம், எழுதிக் கொடு என்றாள். எழுதிவிட்டேன். இதோ, பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

"கண்ணு, இங்க வந்து உக்காரு. எழுதினது எல்லாம் சரியா கீதான்னு ஒரு தபா படிச்சிக் காட்டு. பிரிஞ்சி வர்ற எடத்தை எடுத்துடச் சொல்லி உங்கப்பன் கெஞ்சுவான். எடுக்காதே. அங்க கொஞ்சம் சத்தமாவே படி."