ரீச்சர் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வதிவிடக் கடிதம்

கும்பகோணத்தில் பிறந்த நான் இலங்கையின் மட்டக்களப்புக் கல்லடியில் ஓர் ஆசிரியைக்குக் கணவனாகி ஆண்டுகள் பல ஆகின்றன. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை, நான் இங்கேதான் வசிக்கிறேன் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனால்தான் விசா நீளும். இல்லையென்றால் மனைவி இங்கே, நான் அங்கே.

இம்முறை கிராம சேவகர் புதியவர். வீட்டு உறுதிப்பத்திரம், மின்கட்டணப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் எல்லாவற்றையும் புரட்டினார். எதிலும் நான் இல்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர வேண்டியதுதான்.

நான் தயாராகவே போயிருந்தேன். வந்திறங்கிய நாள்முதல் எழுதிவரும் நாட்குறிப்புகளை மேசையில் அடுக்கினேன். வாவியில் நீர் ஏறிய நாள், மின்சாரம் போன நேரம், மீன் விலை, எல்லாம் உண்டு. ஒன்றைத் திறந்து மூடினார்.

"இது நீங்களே எழுதினது. அயலாக்கள் ஒராளக் கூட்டி வாங்க."

பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துப் போனேன்.

"இவரத் தெரியுமா?" என்றார் கிராம சேவகர்.

"தெரியாம? ரீச்சர்ர மாப்பிள்ள."

"பேர்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பேர் என்னத்துக்கு ஐயா? அந்த வீட்டுக்கு இவர் ஒராள்தானே மாப்பிள்ள!"

"பேரே தெரியாம என்னெண்டு சாட்சி சொல்லுவீங்க?"

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழம. மழைக்குள்ள சூட்கேசத் தலையில வச்சிக்கிட்டு வந்தவர். அடுத்த கிழமையே தோணி பழகுறன் எண்டு கரையிலயே விழுந்தவர். காலம்பற மீன் வெல கேப்பார், வாங்க மாட்டார், கொப்பியில எழுதிட்டுப் போவார். அரசாங்க ஆளாக்கும் எண்டு மீன்காரன் புதுத் தராசே வாங்கிட்டான்!"

கிராம சேவகர் சிரிப்பை விழுங்கினார்.

"நான் வந்தது சனிக்கிழமை அக்கா," என்றேன். நாள் பிசகினால் எனக்குத் தாங்காது.

"வெள்ளிதான்! விரத நாளெண்டும் பாராம உங்கட மாமி மருமகனுக்கு மீன் பொரிச்சவ. அந்த மணத்த நான் மறப்பனா?"

முதல் நாட்குறிப்பைப் புரட்டினேன். சனிக்கிழமைப் பக்கம் 'நேற்று வந்து சேர்ந்தேன்' என்று தொடங்கியது; வந்த களைப்பில் மறுநாள்தான் எழுதியிருக்கிறேன். அக்கா சொன்னதே சரி.

கிராம சேவகர் கடவுச்சீட்டைப் பார்த்து என் பெயரை எழுதினார். அதன் கீழே, "அயலவருக்கு நன்கு அறிமுகமானவர்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

வீட்டில் மனைவி கடிதத்தை இருமுறை வாசித்தாள். "அடுத்த முறைக்கு லைட் பில்ல உங்கட பேருக்கு மாத்துவமா?"

வேண்டாம், அக்காவையே கூட்டிப் போகிறேன் என்றேன். அக்காவிடம் என்னைப் பற்றி இன்னும் என்னென்ன இருக்கிறதோ, எனக்கும் தெரிய வேண்டாமா?