குட்டி வாங்கப் போனவனுக்கு நடந்த இன்டர்வியூ

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஐம்பத்தொன்பது வயதில், நான் ஒரு இன்டர்வியூவில் தோற்றுப்போனேன். கேள்வி கேட்டவர் மடுகரைப் பக்கத்தில் கரும்பு போடும் ஒரு பெண்மணி. நான் மனு போட்ட வேலை — ஒரு நாய்க்குட்டிக்குச் சோறு வைப்பது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும்.

விஷயம் இதுதான். என் மனைவி சுகுணா முப்பது வருஷம் நர்ஸாக இருந்து இந்த வருஷம் ரிட்டையர் ஆனாள். மகள் வேலை கிடைத்துப் புனே போய்விட்டாள். வில்லியனூர் வீட்டில் மிச்சம் நாங்கள் இருவர். நான் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். அவள்? ஒருநாள் காலை சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தால், மிக்ஸியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். “இன்னா ஆச்சு உனக்கு, ராத்திரி தூங்கலையா?” என்று அக்கறையாக விசாரிப்பு வேறு. கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு நாய்க்குட்டி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லியே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். இனிமேலும் ஓட்டினால் நான் மனுஷன் இல்லை.

உடனே போனை எடுத்துத் தேடினேன். ஒருவர் சிக்கினார். வாட்ஸ்அப்பில் வரிசையாகப் போட்டோ. கலர் சொன்னால் போதுமாம், டோர் டெலிவரி உண்டாம். நாயா, பிரியாணியா? சுகுணா போனை வாங்கி, தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது! எந்த ஊருக்கு, எந்த பஸ்ஸில் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

பைபாஸ் ஓரமாக வரச் சொன்னார். போனோம். பைக்கின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே நாலு குட்டிகள். எத்தனை நாள் குட்டி என்று கேட்டதற்கு, “உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?” என்று திருப்பிக் கேட்டார். சுகுணா ஒன்றைத் தூக்கினாள். அது நிற்கவே தள்ளாடியது. உடம்பு கொதிக்கிறது என்று சொல்லி, மெல்லப் பெட்டியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பாவம், வாங்கிக் காப்பாற்றலாமே என்றேன் நான். “நாம இத வாங்குனா, நாளைக்கே இன்னொரு பொட்டி ரெடியாவும்ங்க” என்றாள். வீடு வரைக்கும் பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள். அந்தக் குட்டி என்ன ஆனதோ… இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

மறுநாள் பாகூரில் எங்களுக்குத் தெரிந்த மாட்டு டாக்டரைப் பார்த்தோம். அவர்தான் மடுகரைப் பக்கத்துத் தனலட்சுமி அம்மாவைச் சொன்னார். வீட்டோடு ஒரு லேப்ரடார் வைத்திருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் குட்டி போட விடுவார், ஊசியெல்லாம் ஒழுங்காகப் போடுவார். இவ்வளவும் சொன்ன டாக்டர், கடைசியில் ஒரு மாதிரி சிரித்தார். குட்டி நல்ல குட்டிதான், ஆனால் அந்தம்மா கொடுக்க வேண்டுமே என்றார்.

கொடுக்காமல் எங்கே போவார்? நாம்தானே கஸ்டமர்! நல்ல இடமா என்று பார்த்து வாங்க, இன்டர்நெட்டில் தேடிப் பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தத் தாள் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

தாய் நாய் ஊருக்கெல்லாம் போகவில்லை. வாசலிலேயே இருந்தது. முதலில் அது உங்களை மோந்து பார்க்கட்டும் என்றார் தனலட்சுமி அம்மா. சுகுணாவின் கையை நக்கியது. என் பேன்ட்டை மோந்தது, தும்மியது. பின்கட்டில் ஆறு குட்டிகள், நல்ல கொழுகொழுவென்று. ஏழு வாரம் முடிந்திருந்தது. எட்டு வாரம் ஆகாமல் தாயைவிட்டுப் பிரிக்க மாட்டாராம். நான் ஊசி கார்டைப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு குட்டி சுகுணாவின் மடியில் ஏறி, வளையல் மேல் மோவாயை வைத்துத் தூங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து!

பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மொட்டை மாடியில் கட்டிப் போடுவீர்களா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். நானே பார்த்துக்கொள்வேன், நேரம் தவறாமல் சோறு வைப்பேன், எனக்குப் பொறுப்பு ஜாஸ்தி… அந்தம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

“சார், நீங்க வாராவாரம் எழுதுறவருதான? வுடாம படிப்பேன்.”

நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. மடுகரை வரைக்கும் என் வாசகர்கள்! சுகுணாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன்.

“மீன் தொட்டியப் பத்தி எழுதுனீங்களே… பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்தா மோட்டரு மட்டும்தான் உயிரோட இருந்துச்சுன்னு. விழுந்து விழுந்து சிரிச்சேன் சார்.”

இப்போது அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் வைக்க ஒத்துக்கொண்டு நான் தூங்கிப்போனதையும் கேட்டார். எல்லாம் நானே எழுதியவை. உங்களைச் சிரிக்க வைக்க என்னை நானே சோம்பேறியாக்கி, மறதிக்காரனாக்கி, வாரம் தவறாமல் வாக்குமூலம் கொடுத்து வைத்திருக்கிறேன். வேறு எந்தக் குற்றவாளியாவது இப்படிச் செய்வானா?

அதெல்லாம் சும்மா காமெடிக்கு எழுதியது என்று இழுத்தேன். அப்படியானால் மீன் சாகவில்லையா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், மடியில் குட்டியோடு உட்கார்ந்திருந்த என் தர்மபத்தினி, “செத்துச்சுக்கா, எட்டும்” என்றாள்.

“அப்ப எழுதுனது பொய்யா சார், இப்ப சொல்றது பொய்யா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சுகுணாவின் கை குட்டியின் முதுகிலேயே இருந்தது. எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொய் சொல்லும் தெம்பு போய்விட்டது. எழுதினது நிஜம் என்று ஒப்புக்கொண்டேன். நான் லாயக்கில்லாதவன்தான், ஆனால் இவள் முப்பது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தவள், இப்போது பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் மிக்ஸியோடு பேசுகிறாள், குட்டியை இவளை நம்பிக் கொடுங்கள் என்றேன். சுகுணா தலை நிமிரவே இல்லை.

தனலட்சுமி அம்மா, பார்க்கலாம் என்று சொல்லிக் குட்டியை வாங்கித் தாயிடம் விட்டார். அவ்வளவுதான். வெறுங்கையோடு திரும்பினோம்.

திங்கட்கிழமை காலை நான் எழுத உட்காரவில்லை. எங்கள் கேட்டின் கம்பி இடைவெளியில் ஒரு குட்டி தாராளமாக ரோட்டுக்குப் போய்விடும் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. வலை வாங்கிவந்து நானே கட்டினேன். கட்டைவிரலில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன். எதற்கு என்று சுகுணா கேட்கவில்லை. பஞ்சும் மருந்தும் மட்டும் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் தனலட்சுமி அம்மா வந்து நின்றார். வில்லியனூரில் ஏதோ வேலையாம். நம்பிவிட்டோம்! காபியைத் தொடாமல் வீட்டைச் சுற்றி வந்தார். கேட்டைப் பார்த்தார், வலையை இழுத்துப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“இவருதாங்க்கா” என்றாள் சுகுணா.

“அதான் கோணலா கீது” என்றார். என் விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். “ஞாயித்துக்கெழம வாங்க.”

போன ஞாயிறு குட்டி வந்துவிட்டது. கூடவே ஒரு காகிதத்தில் கையெழுத்து, என்னுடையது இல்லை, சுகுணாவுடையது. என் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு, எந்தெந்த மணிக்கு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இப்படி: ‘வளர்க்க முடியாமல் போனால், எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் என்னிடமே திருப்பிக் கொண்டுவரலாம். வேறு யாருக்கும் தரக் கூடாது.’

சுகுணா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“எங்கப்பா எனக்கு இப்படி ஒரு வரி எழுதிக் குடுக்காம போய்ட்டாரேக்கா.”

நியாயம்தானே? மாமனார் என் சம்பளத்தை விசாரித்தார், ஜாதகத்தைப் பார்த்தார். என் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. தனலட்சுமி அம்மா அசரவில்லை.

“அதுக்கின்னாம்மா, முடியலன்னா சாரையும் சேத்தே கொண்டாந்து வுட்டுடு. கரும்பு வெட்ட ஆள் கெடைக்கல.”

தனலட்சுமி அம்மா, இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மணி நாலு. சாப்பாடு வைத்தாயிற்று.