பஸ் வசதி: உண்டு

எங்கள் புதிய வீட்டுத்திட்டத்தில் இருந்து பஸ் ஓடும் திரியாய் வீதிக்கு மூன்று கிலோமீற்றர். கிரவல் பாதை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. வீடுகளைக் குறை சொல்லமாட்டேன். ஓடு, சீமெந்துத் தரை, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கடைக்கும் மருந்துக்கும் பஸ் ஏறத்தான் வேண்டும். மழை பெய்தால் ஓட்டோக்காரரும் உள்ளே வரமாட்டார்கள்.

என் மனைவிக்குச் சீனி வருத்தம். காலில் வந்த புண் ஆறவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும், விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதிகம் நடக்கவும் கூடாதாம். நடக்காமல் எப்படி பஸ் ஏறுவது என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸை உள்ளே விடச் சொல்லி மனு எழுதினேன். ஊரில் யாருக்கு மனு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் எழுத்து அச்சுப் போல இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனுவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர் மரியாதையாக உட்காரக் கதிரை தந்து கோப்பைப் புரட்டினார்.

“ஐயா, உங்கட திட்டத்துக்கு பஸ் வசதி இருக்கெண்டெல்லோ பதிஞ்சிருக்கு. இனி ஒண்டும் செய்ய ஏலாது.”

“எந்த மடையன் எழுதினவன்?” என்று கத்தினேன்.

அவர் கோப்பை என் பக்கம் திருப்பினார். வீதி: உண்டு. பஸ்: உண்டு. மருந்துச்சாலை: உண்டு. என் எழுத்து.

புது வீட்டுச் சாவி தருமுன் நிரப்பிய படிவம் அது. ‘இல்லை’ என்று எழுதினால் சாவி சுணங்கும் என்று அப்போது ஒரு கதை அடிபட்டது. டவுனில், ஆஸ்பத்திரிக்குக் கிட்டத் தகரக் கொட்டிலில் பல வருடம் வெந்தவர்கள் நாங்கள். எல்லார் படிவத்தையும் நானே ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்தேன்.

யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

அடுத்த கிளினிக் நாள் பாதி வழியில் மனைவி மதகில் உட்கார்ந்துவிட்டாள். கால் துணியில் இரத்தம் கசிந்திருந்தது.

“இஞ்ச பஸ் வருதெண்டு எழுதினவன் ஒருநாள் என்ர காலோட நடந்து பார்க்கோணும்.”

“நான்தான் எழுதினனான்.”

அவள் என்னையே பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது.

“என்னட்ட ஒருக்கால் கேட்டிருக்கலாமே. நான் தகரத்துக்குள்ளயே இருந்திருப்பன்.” பிறகு கையை நீட்டினாள். “தூக்கி விடுங்கோ. பஸ் போயிடும்.”