யோகராசா அண்ணையின் சாமான் பெட்டிகளுக்குப் பெயின்ற் வேண்டாம்

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாகத் தேயிலையைக் கொதிக்க வைத்தேன். குடிக்க அல்ல.

யோகராசா அண்ணை நேற்று விடியற்காலை போய்விட்டார்.

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. படவரைஞர். வாய்க்கால், மதகு, குளக்கட்டு... எத்தனை பிளான் அவர் கையால் வரைந்தது.

உங்களில் சிலருக்கு அவரை "பொம்மை ரயில் ஐயா" என்றுதான் தெரியும். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. அவர் ரயில் செய்யவில்லை. சாமான் ஏற்றும் பெட்டி மட்டும்தான் செய்தார். கூரை இல்லை, சுவர் இல்லை. நாலு சோடிச் சில்லு, மேலே வெறும் பலகைத் தளம். ஒரு சாண் நீளம்.

"எஞ்சின் எங்கை அண்ணை?" என்று கேட்காத ஆள் அலுவலகத்தில் இல்லை.

"எஞ்சினை எல்லாரும் பாப்பினம். எங்கட அப்பா வயல் உழுத டிரக்டர் வந்து இறங்கினது இதிலைதான். இதை ஆர் பாத்தது?"

அவர் பார்த்திருக்கிறார். சின்ன வயதில், பரந்தன் ஸ்டேஷனில். பிறகு சண்டையில் ரயில் பாதையே காடாகிக் கிடந்த காலத்தில்தான் முதல் பெட்டியைச் செய்தாராம். தண்டவாளம் இல்லாத ஊரில் சாமான் பெட்டி... ஊர் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை.

பலகை ஒவ்வொன்றும் தனித்தனி. ஐஸ்பழக் குச்சியை பிளேட்டால் மெல்லிசாகப் பிளந்து, கம்பி பிரஷால் கீறி, தேயிலைச் சாயத்தில் ஒரு நாள் ஊறப்போடுவார். காய்ந்த பிறகு, துருப்பிடித்த ஆணி ஊறிய வினாகிரி ஒரு பூச்சு. பார்த்துக்கொண்டிருக்க மரம் சாம்பல் நிறமாகும்... பத்து மாரி வெளியில் நனைந்த பலகை மாதிரி. தையல் ஊசியால் ஆணித் துளைகள். நடுவில் டிரக்டர் சில்லு தேய்த்த தடம் இரண்டு.

ஒரேயொரு பலகைக்கு மட்டும் சாயம் இல்லை. வெள்ளை. அதைக் கடைசியாகத்தான் போடுவார்.

"உடைஞ்ச பலகையை மாத்துவினம்தானே தங்கச்சி. மாத்தினது புதுசாத்தானே இருக்கும்?"

நான் செய்த மடத்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கண்காட்சிக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்திருந்தார். காலையில் அவர் வர முன்னர் பார்த்தேன். ஊத்தையாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெயும் பூசிவிட்டேன். பளபள...

அண்ணை வந்தார். பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பெட்டியைப் பாக்க மாப்பிளை வீட்டார் வருகினமோ?"

எண்ணெய் குடித்த மரம் திரும்பச் சாயம் பிடிக்காது. அது எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு பலகையையும் கழற்றிப்போட்டு முதலிலிருந்து தொடங்கினார். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அடுத்த கண்காட்சியில் பரிசு கொடுக்க வந்தவர், "நல்ல வேலை, ஆனால் பழசாத் தெரியுது. ஒரு சிவப்புப் பெயின்ற் அடிச்சால் முதல் பரிசு உங்களுக்குத்தான்" என்றார்.

"சேர், பெயின்ற் அடிச்ச பலகையிலை மழைக்குள்ளை டிரக்டர் ஏத்திப் பாருங்கோ. வழுக்கிப்போடும்." பெட்டியைத் தூக்கி சைக்கிள் காரியரில் வைத்துக்கொண்டு கண்டாவளை வீட்டுக்குப் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்... நேற்று மத்தியானம் எங்கள் அலுவலக வட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ். அலுவலக அலுமாரியில் இருக்கும் அண்ணையின் ஐந்து பெட்டிகளையும் அவருடைய ஞாபகமாக வாசலில் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறார்களாம். நல்ல விஷயம். கீழே இன்னொரு வரி. "பழசாகக் கிடப்பதால் சிவப்புப் பெயின்ற் அடித்து, வார்னிஷ் போட்டு நீட்டாக வைப்போம். திங்கட்கிழமை பெயின்டர் வருவார்."

வரிசையாகக் கும்பிடும் கைகள்.

பின்னேரம் செத்தவீட்டில் அண்ணையின் மனைவியிடம் சொன்னேன். அவ்வளவு அழுகைக்குள்ளும் அவா நிமிர்ந்து பார்த்தா.

"பெயின்றோ? அந்தாள் பாடையிலை இருந்து எழும்பி வந்திடும் பிள்ளை!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவா மெதுவாகச் சொன்னா, "மரியாதைக்கெண்டு செய்யினம். நான் என்னெண்டு மறிக்கிறது?"

நான் மறிக்கிறேன். அலுமாரித் திறப்பு என்னிடம் இருக்கிறது. பெயின்டருக்கு அது கிடைக்காது.

மெசேஜ் போட்ட சேர், நீங்களும் இதை வாசிப்பீங்கள் என்று தெரியும். கண்ணாடிக்குள் வைப்போம். வாசலில் வைப்போம். அவர் செய்தபடியே வைப்போம். மழையில் நனைந்த, சில்லுத் தேய்ந்த பலகையைப் பார்த்து யாருக்கும் வெட்கமாக இருந்தால், அவர் மற்றக் கதவால் வரட்டும்.

ஆறாவது பெட்டி ஒன்றும் இருக்கிறது. அலுமாரியில் இல்லை, என் வீட்டில். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் என் மேசையில் வைத்தார். "நாலு பலகைதான் தங்கச்சி மிச்சம். வந்து போடுறன்."

இன்று பின்னேரம் தகனம். போயிட்டு வாங்கோ அண்ணை.

இதை அண்ணையின் வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. மூன்று பலகை சாயத்தில் கிடக்கிறது. எண்ணெய் பூசிப் பழுதாக்கிய அதே கையால் அவற்றை நான்தான் ஒட்டப்போகிறேன்.

நாலாவதை வெள்ளையாகவே விடுவேன்.