இரண்டு கரண்டி கோகோ

பஸ் டிப்போ கேன்டீனில் அவளுக்குப் பெரிய கரண்டி என்று பேர். இருநூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. சிட்டிகை என்றால் ஒரு பிடி விழும். "குறைச்சுப் போட்டுக் கெட்ட பேர் வாங்கறதுக்கு, கூடப் போட்டுத் திட்டு வாங்கலாம்" என்பது அவள் கட்சி.

புருஷன் அதே டிப்போவில் டிரைவர். நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னால முடியல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மனச்சோர்வு என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். மனுஷன் எழுந்து நடமாடினார்; முகத்தில் சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. இனி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம்.

பெரிய கரண்டி சும்மா இருப்பாளா? கீரை, பழம், கோகோவில் எல்லாம் பாலிஃபினால் என்று வாயில் நுழையாத ஏதோ ஒன்று இருக்கிறதாம், அது மனசை லேசாக்க உதவலாமாம்; பத்திரிகையில் படித்தாள். உதவ'லாம்' என்றுதான் போட்டிருந்தது. அந்த 'லாம்'மை யார் கண்டார்கள்! மறுநாளே காலையில் கீரை, மத்தியானம் கீரை, நடுவில் ஆரஞ்சு. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சொம்புப் பாலில் இரண்டு கரண்டி கோகோ, சர்க்கரை பேருக்கு. அந்தக் கல்லுளிமங்கன் வாயைத் திறக்காமல் குடித்துவைப்பார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் போனார்கள். அவருக்குக் கண் சிவந்திருந்தது, கை நடுங்கியது, தூக்கமே இல்லை.

"இந்த நிலைமையில எப்படி பஸ்ஸ ஓட்டச் சொல்றது? இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றார் டாக்டரம்மா. "என்ன சாப்பிடறார்?"

அவள் பெருமையாக ஒப்பித்தாள். கோகோ வந்ததும் பேனா நின்றது.

"ரெண்டு கரண்டின்னா, டீஸ்பூனா?"

அவள் இரு கையையும் குவித்து அளவு காட்டினாள்.

"அடேயப்பா! அதுவும் காபி மாதிரிதான்மா, தூக்கத்தக் கெடுக்கும். கீரை, பழம் நல்லதுதான், குடுங்க. கோகோ காலையில ஒரு டீஸ்பூன் போதும். மாத்திரைக்கு இதெல்லாம் பதில் இல்ல, அத நிறுத்திடாதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் உடைந்துபோனாள். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதே! உங்க தூக்கத்துக்கு நானே எமனா வந்துட்டேனே!"

"கசந்து தொலைச்சுது" என்றார் அவர்.

"அத வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

"எப்படிச் சொல்றது? சொம்பு காலியாகற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்பியே. உனக்காகத்தான் குடிச்சேன்."

சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் அவள் காட்டியதுபோலவே இரு கையையும் குவித்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு அப்புறம், பெஞ்சே ஆடும்படி, பாவி மனுஷன் சிரித்தார். அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த மாதம் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். தூக்கம் வந்ததாலா, மாத்திரையாலா, கீரையாலா என்று யார் கேட்டாலும், "எல்லாம்தான்" என்பாள் பெரிய கரண்டி. இப்போதும் அவர் டியூட்டிக்குக் கிளம்புமுன் பாலில் ஒரு டீஸ்பூன் கோகோ உண்டு. அந்த டீஸ்பூனைக் கடையில் போய் வாங்கிவந்தவர் அவர்தான்; அந்த வீட்டில் அவ்வளவு சின்னதாக ஒன்றுமே இருந்ததில்லை.