திரும்பி வரும் தேதி கேட்டார்கள்

கந்தனை நம்பி வாழும் என் உறவுகளுக்கு, குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து செல்வி எழுதுவது. கிருத்திகைக் கூட்டத்தில் மற்றவர்கள் அனுபவம் சொல்லும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இந்த முறை என் மகள் கவிதா, "நீ எழுதலைன்னா நான் எழுதிக் குடுத்துருவேன்" என்றாள். அவள் எழுதினால் நான் முருகனிடம் போட்ட சண்டையை விட்டுவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் மலேசியாவிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் தங்கவேல் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் நாலு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். எங்கள் நிலம் வானம் பார்த்த பூமி. மூன்று வருடம் தொடர்ந்து கடலை காய்ந்ததால்தான் அவர் போனார். போனில் பேசியது கடை முதலாளி. "அண்ணன் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே மயங்கி விழுந்துட்டாரு. தலையில ரத்தக் கசிவாம். ஆபரேஷன் பண்ணிட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா பேச்சு இல்லை, வலது பக்கம் அசையலை. நீங்க யாராச்சும் வரணும்" என்றார்.

எங்களுக்கு யாராச்சும் என்றால் நான்தான். கவிதா திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். நான் அதுவரை பழனியையும் மதுரையையும் தாண்டிப் போனதில்லை. என்றாவது ஒருநாள் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவர் சொல்லி, இரண்டு வருடம் முன்பு எடுத்து வைத்த பாஸ்போர்ட் மட்டும் பெட்டியில் இருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் விவரமாகப் பேசினார். விசா வேண்டியதில்லை, முப்பது நாள் வரை இருக்கலாம் என்றார். "திரும்பி வர்றது எப்பக்கா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அங்கே டாக்டரிடம் கேட்டால், இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம் என்றார்களாம். "அப்ப போறதுக்கு மட்டும் போட்டுருவோம். திரும்புற டிக்கெட்டு மாதிரி ஒரு பேப்பர் தாரேன். யாராச்சும் கேட்டா காட்டுங்க" என்றார். மாதிரி என்று அவர் சொன்னது எனக்கு அப்போது காதில் ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள் என்று தேடிப் போட்ட நாள். திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்று என் முறை வந்தது. கவுண்டரில் ஒரு பெண் இருந்தார், என் தங்கை வயது இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கவிதா போனில் நிரப்பித் தந்திருந்த நுழைவுப் படிவத்தைப் பார்த்தார்.

"ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்கம்மா."

பேப்பரைக் கொடுத்தேன். அதிலிருந்த நம்பரை அடித்தார். மறுபடி அடித்தார். பக்கத்தில் இருந்தவரையும் அடித்துப் பார்க்கச் சொன்னார்.

"இது டிக்கெட் இல்லம்மா. வெறும் பேப்பர். இந்த நம்பர்ல எந்த ஃபிளைட்லயும் சீட்டு இல்லை."

"இல்லம்மா, காசு குடுத்துத்தான் வாங்கினோம்."

"யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க. அந்த நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு உண்மையான டிக்கெட் இருந்தாத்தான் நான் ஏத்த முடியும். இல்லைன்னா அங்க இறங்கினதுமே உங்களைத் திருப்பி அனுப்பிருவாங்க."

"எனக்கு இங்க நெலம் கெடக்கு, ஆடு மாடு கெடக்கு, வயசுக்கு வந்த மக இருக்கா. நான் எதுக்கும்மா அங்க போயி ஒக்காரப் போறேன்? எம் புருசன் ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்க திரும்பி வருவீங்கங்கிறதுக்கு வாய்ச் சொல்லை எடுத்துக்க மாட்டாங்க. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. போன்ல இப்பவே ஒரு டிக்கெட் போடுங்க. தேதியைப் பின்னால மாத்திக்கிற மாதிரி போடுங்க."

வெளியே நின்ற கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் உடனே போனில் தேடினாள். "டிக்கெட்டு இருக்கும்மா. எந்தத் தேதி போடட்டும்?" என்றாள்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நம்ப மாட்டீர்கள். கேட்டது ஒரு தேதி. ஆனால் ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்கு நான் எப்படித் திரும்பி வருவேன் என்பதும் அதில் இருக்கிறது. அவரோடு வருவேனா, தனியாக வருவேனா, அல்லது நினைக்கக் கூடாத விதமாக வருவேனா? "அம்மா, சொல்லும்மா, நேரமாகுது" என்று அவள் கத்துகிறாள். கடைசியில் ஏதோ ஒரு தேதியை அவளே போட்டாள். பணம் கட்டுகிற இடத்தில் போன் சுற்றிக்கொண்டே நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி சுற்றியது. கவுண்டரை மூடிவிட்டார்கள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பாஸ்போர்ட் இருந்தும், விசா தேவையில்லை என்றிருந்தும், ஏறும் டிக்கெட் கையில் இருந்தும், ஒரு காகிதத்துக்காக என்னை நிறுத்திவிட்டார்கள். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால், "இன்னொரு தடவை கெஞ்சிப் பாருங்கக்கா, விட்ருவாங்க" என்றார். அந்தக் கவுண்டர் பெண்தான் வெளியே வந்து, என் டிக்கெட்டை வியாழக்கிழமை விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார். "அன்னைக்கும் நான்தான் இருப்பேன். உண்மையான டிக்கெட்டோட வாங்கம்மா" என்றார்.

அன்று பிற்பகலே டிராவல்ஸ் கடையில் போய் நின்றேன். என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் அசரவே இல்லை. "கோவிச்சுக்காதீங்கக்கா. இந்தத் தடவை வேற மாதிரி போட்டுத் தாரேன். நம்பர் அடிச்சாக் காட்டும். ரெண்டு நாள் நிக்கும், அப்பறம் தானாக் கேன்சலாயிரும். அம்புட்டுப் பேரும் இப்படித்தான் போறாங்க" என்று வேறொரு பேப்பரை நீட்டினார்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு என் வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, எங்கள் ஊர்ப் பாறை மேல் இருக்கும் சின்ன முருகன் கோயிலுக்குப் போனேன். பேப்பரை அவன் காலடியில் வைத்துக் கும்பிட்டு எடுத்துப் போகலாம் என்றுதான் போனேன். வைத்தும் விட்டேன். ஆனால், இந்தப் பொய்யை நல்லபடியாக நடத்திக் கொடு என்று கேட்க நாக்கு எழவில்லை. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சண்டை பிடித்தேன்.

"நாப்பது வயசுல இருந்து செவ்வாய்க்கிழமை தவறாம உனக்கு விளக்குப் போடுறேன். ஒரு செவ்வாய்க்கிழமையில என்னைய ஏர்போட்டுத் தரையில ஒக்கார வச்சுட்ட. எல்லாரும் தேதி கேக்குறாங்க. டாக்டருக்குத் தெரியலை. எனக்குத் தெரியலை. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சா சொல்லு. இல்லாட்டி உனக்கும் தெரியாதுன்னு சொல்லிரு."

மணி அடிக்கவில்லை. பல்லி சொல்லவில்லை. வெயில் ஏறியது. செத்த நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோபம் குறையாமல்தான் இறங்கினேன். பாதிப் படியில் எனக்கு ஒன்று தோன்றியது. தேதியைச் சொல்ல நான் பயந்தது அவர் பிழைக்க மாட்டார் என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டதால்தானே? விளக்குப் போடுகிறேன், விரதம் இருக்கிறேன். ஆனால் அவர் திரும்பி வருவார் என்று ஒரு டிக்கெட் போடக்கூட எனக்கு நம்பிக்கை இல்லை. அது முருகன் சொன்னதா, நானாக நினைத்ததா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்தில் அப்படி நினைக்கிற ஆள் நான் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அங்கேயே நின்று பேப்பரைக் கிழித்தேன். வீட்டுக்கு வந்து கவிதாவிடம் சொன்னேன்.

"ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் போடு. நெசமான டிக்கெட்டு. ரெண்டு."

"ரெண்டா? அப்பாவுக்குமா?"

"ஒங்கப்பாவுக்குந்தான்."

"அம்மா, அவரு இன்னும் எந்திரிச்சு உக்காரலைம்மா."

"போடு."

தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டாகப் போட்டாள். செவ்வாய்க்கிழமை அத்தனை முறை சுற்றிய போனில் அன்று முதல் தடவையே பணம் போய்விட்டது. நான் அதையும் அருள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கவிதா, "சிக்னல் நல்லா இருந்துச்சும்மா" என்றாள்.

வியாழக்கிழமை அதே பெண் கவுண்டரில் இருந்தார். நம்பரை அடித்தார். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரோட பேர் இருக்கே?"

"என் வீட்டுக்காரரு. கூட்டிட்டு வரப் போறேன்."

சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். நான் நகர்ந்த பிறகுதான், "நல்லபடியாக் கூட்டிட்டு வாங்கம்மா" என்ற குரல் கேட்டது. அங்கே இறங்கியதும் அதிகாரி கேட்ட ஒரே கேள்வியும் அதுதான், எப்போது திரும்புவாய் என்று. காகிதத்தைக் காட்டினேன். முத்திரை குத்திவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் நாள் கஞ்சி ஊட்டினால் இடது கையால் தட்டிவிட்டார். தமிழ் பேசும் ஒரு நர்ஸ் இருந்தார். என் டிக்கெட்டைப் பார்த்து, "அக்கா, இந்தத் தேதிக்கு வாய்ப்பே இல்ல, டாக்டர் விடமாட்டாரு" என்று பக்குவமாகச் சொன்னார். பத்து நாள் அப்படியே போனது. தினமும் உட்கார வைப்பார்கள், அவர் சரிந்து விழுவார். நானும் மனதுக்குள் முருகனிடம் சரிந்து விழுவேன், மறுபடி திட்டுவேன். ஒரே வித்தியாசம், இப்போது திட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு தேதி இருந்தது. "இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு எந்திரிங்க" என்று அவர் காதில் சொல்வேன். "பதிமூணு." "பன்னெண்டு."

பன்னிரண்டு என்று சொன்ன அன்று சாயங்காலம் அவர் தண்ணி என்றார். குழறித்தான் சொன்னார். நர்ஸ் ஓடிவந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர் எரிச்சலாக, "தண்ணி" என்றார். அந்த எரிச்சலைக் கேட்டதும்தான் என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அழுதேன். ஒரு வாரத்தில் என் பெயரைச் சொன்னார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் எங்களால் கிளம்ப முடியவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டர் இன்னும் பார்க்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார். அன்று கட்டிலோரம் உட்கார்ந்து, சொன்ன தேதியைக் கூடக் காப்பாற்றித் தரவில்லையே என்று பொருமினேன். நாலாம் நாள் டாக்டர் விமானத்தில் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். கவிதா ஊரிலிருந்தே டிக்கெட் தேதியை மாற்றினாள். அந்த நாடு எனக்குக் கொடுத்த முப்பது நாளில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அன்று கிளம்பினோம். முருகன் என் தேதியைக் கேட்கவில்லை, நாலு நாள் கூட எடுத்துக்கொண்டான். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் வீணாக்கவில்லை.

இப்போது அவர் கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. இனி அந்த அடுப்பு வேலைக்குப் போக முடியாது. அதை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பதுண்டு. ஆனால் முன்பு நான் கும்பிட்ட விதம் வேறு. கேட்பேன், கிடைக்காது என்று தயாராகவும் இருப்பேன். இப்போது கேட்டால், கிடைத்த பிறகு செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்துவிடுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். திரும்பும் டிக்கெட்டை உண்மையாக வாங்கு, தேதி மாற்றிக்கொள்ளும்படி வாங்கு என்று சொல்லி அனுப்புகிறேன்.

கஷ்டத்தில் இருக்கும் என் உறவுகளே, உங்களுக்கு முருகன் மேல் கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடேயே போய் நில்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பொய்யை மட்டும் அவன் முன் கொண்டுபோய் வைக்காதீர்கள். நல்லது நடக்கும் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், அதற்கு ஒரு தேதியைக் குறியுங்கள். அவன் நாலு நாள் முன்னே பின்னே ஆக்கட்டும், பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கினார். கீழே இருப்பது அவர் இடது கையால் எழுதியது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்துட்டேன்.