ஜெனி பாடிய நாலு வரி

மைக் செட் மிக்ஸரில் உட்காரப்போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். மைக் செட் வேலைதான் எனக்குத் தெரிந்தது. அதிலும் எப்போதும் பயம்தான். ஒயர் சுடுகிறதா என்று பத்து தடவை தொட்டுப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹால். முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும் கோயர். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகள். கெஸ்ட்டாக ஒரு கிட்டார்காரரும் டிரம்ஸ்காரரும். சாயங்காலம் டெஸ்டிங்கிலேயே மைக் ஊளையிட்டது.

"டேய் தாஸு, புரோகிராம்ல இன்னொரு வாட்டி கத்துச்சு, நாளைக்கு ஆஸ்டின் டவுன்ல உன் வீட்லயே படுத்துக்க, கடைக்கு வராத" என்றார் ஓனர் சேகரண்ணன்.

கிட்டார்காரர் தன் பங்குக்கு, "குரு, கிட்டார் சொல்ப ஜாஸ்தி மாடி" என்று கிட்டார் சத்தத்தைக் கூட்டச் சொன்னார் கன்னடத்தில்.

அப்போது ஜெனி வந்தாள். பத்து வயது. ஒரு பாட்டில் நாலு வரி அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும்.

"அங்கிள், கேசட்ல என் வாய்ஸ் வரும்ல? அப்பா மஸ்கட்ல இருக்காரு. நாளைக்குக் காலைல ஒரு மாமா போறாரு, அவருகிட்ட குடுத்தனுப்பணும்."

"வரும் பாப்பா, நீ பயப்படாம பாடு."

மெல்லிய குரல். அவள் மைக்கின் சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். புரோகிராமில் அவள் பாடிய முதல் வார்த்தையிலேயே மைக் 'கீ' என்று ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைச் சட்டென்று அடியோடு இறக்கிவிட்டேன். மெதுவாக ஏற்றலாம் என்று நினைத்தேன். கை போகவில்லை. நாலு வரியும் முடிந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த அவள் அம்மாவுக்குக் குரல் நேராகவே கேட்டிருக்கும். மற்றவர்களுக்குக் கிட்டார்தான். கேசட் டெக்கோ மிக்ஸரிலிருந்து போவதை மட்டும்தான் பிடிக்கும். அதில் ஜெனி இல்லை.

கேசட்டை வெளியே எடுக்கும்போதே எனக்கு அது தெரியும்.

"வந்துச்சா அங்கிள்?"

சேகரண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வந்திருக்கும்மா" என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே ஹாலில் வேறொரு கூட்டம். ஜெனியின் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"அண்ணா, அவரு லெட்டர் போட்டிருக்காரு. அவ்ளோ சத்தத்துலயும் எம்பொண்ணு குரல் தனியா தெரியுதுன்னு எழுதியிருக்காரு. டெய்லி கேக்கறாராம்."

"நீங்க நல்லா ரெக்கார்ட் பண்ணீங்க அங்கிள்" என்றாள் ஜெனி.

எந்த இடத்தில் அவருக்கு அந்தக் குரல் கேட்டதோ. மகளுக்காகப் பொய் எழுதினாரோ. லீவில் வரும்போது அந்தக் கேசட்டையும் கொண்டுவருவாரே, மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுக் கேட்பார்களே என்ற கவலை அன்றைக்கு ஆரம்பித்தது.

தம்பிகளே, கேசட்டோ வேறெதுவோ, கொடுக்கும் முன் ஓட்டிக் காட்டுங்கள். பதியவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஹாலைப் பூட்டும் முன் ஒரு மைக்கை வைத்து அவளைத் திரும்பப் பாட வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

அதற்குப் பிறகு காக்ஸ் டவுன் ஆர்டர் வந்தாலே எனக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சேகரண்ணனிடம் சொன்னேன்.